சட்டமா, பெட்டியா? பழைய காரின் விறைப்பைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

நம் வண்டிகளின் பதிவுச் சான்றிதழில் ‘சேஸி எண்’ என்றொரு வரி உண்டு. ஆனால் அம்பாசடர் தொடங்கி இன்றைய சிறு கார்கள் வரை, இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தனியே கழற்றி எடுக்கத்தக்க சேஸி கிடையாது. உடலின் தகட்டிலேயே அந்த எண் பொறிக்கப்படுகிறது. பொருள் மறைந்த பின்னும் சொல் நிலைத்துவிட்டது.

மொழியியல் பயின்ற எனக்கு இச்சொல்லின் மீது நெடுநாளாக ஓர் ஈர்ப்பு உண்டு. பிரெஞ்சு மொழியில் அது சட்டத்தைக் குறிக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் அதே சொல்தான். ஜன்னலின் சட்டத்தை ஆங்கிலத்தில் ‘சாஷ்’ என்பதும் இதன் திரிபே. ஆனால் வேரைத் தேடிச் சென்றால் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லை அடைகிறோம். அதன் பொருள் பெட்டி. பெட்டி எனப் பொருள்படும் வேரிலிருந்து சட்டம் எனப் பொருள்படும் சொல் பிறந்தது. காரின் வரலாறோ இதற்கு எதிர்த்திசையில் நடந்தது: சட்டமாகத் தொடங்கிப் பெட்டியாக முடிந்தது. பழைய விரைவுக் கார் ஒன்றை விறைப்பாக்க விரும்புவோர், கடையில் கிடைக்கும் உறுப்புகளின் பட்டியலைப் பார்க்கும் முன் இந்த வரலாற்றைப் பார்ப்பது பயன் தரும் என்பதே என் கருத்து.

தொடக்க காலக் கார்களின் அடிப்பகுதி ஏணியை ஒத்தது: நெடுக இரண்டு உத்தரங்கள், குறுக்கே சில இணைப்புகள். இவ்வமைப்பு பாரத்தைச் சுமக்கும், முறுக்கத்தைத் தாங்காது. ஏனென்று அறிய ஒரு தாளே போதும். தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள்; எளிதில் வளைந்து கொடுக்கும். விளிம்பை ஒட்டிய பின் முறுக்குங்கள். அதே தாள் கையை எதிர்க்கும். 20 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. தடிப்பும் கொண்ட எஃகுக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டால், அதன் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 1,200-இல் ஒரு பங்காகச் சுருங்கும். எடை குறையவில்லை, மூடிய வடிவம் திறந்த வடிவமானது, அவ்வளவே. விறைப்பு, உலோகத்தின் அளவைக் காட்டிலும் அதன் வடிவத்தைப் பொறுத்தது என்பதே இதன் பாடம்.

இப்பாடத்தை முதலில் கற்றவர்கள் வானூர்தி செய்தவர்கள். 1912-இல் பிரான்சில் உருவான தெபெர்துசின் பந்தய வானூர்தியின் உடல், மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிய ஓடாக அமைந்தது. ‘மோனோகாக்’ என்ற பெயரை அது தாங்கி வந்தது: ஒன்று எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டும், முட்டை ஓட்டையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்த கலவை. 1922-இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் ‘லாம்டா’ காரில் ஏணியைக் கைவிட்டு, உடலையே பாரம் தாங்கும் அமைப்பாக்கியது. 1934-இல் சித்ரோவனின் ‘திராக்சியோன் அவான்’ அதைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டு சென்றது. பந்தயக் களத்தில் இம்மாற்றம் 1962-இல் நிகழ்ந்தது. காலின் சாப்மன் தம் லோட்டஸ் 25 காரில் குழாய்ச் சட்டகத்தை விடுத்து, அலுமினியத் தகடுகளால் ஆன இரு பக்கவாட்டுப் பெட்டிகளுக்கிடையே ஓட்டுநரை அமர்த்தினார். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. அடுத்த ஆண்டு ஜிம் கிளார்க் அந்தக் காரில் உலகப் பட்டம் வென்றார்.

விறைப்பு ஏன் இத்துணை முக்கியம்? சஸ்பென்ஷனின் சுருள்வில் சக்கரத்தின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. அவ்வில்லைத் தாங்கும் உடலே நெகிழ்ந்தால், அதுவும் ஒரு வில்லாகிவிடும். அதற்கோ அதிர்வடக்கி கிடையாது. முன்புறம் செய்த மாற்றத்தின் பயன் பின்புறத்தை அடையும் முன் உடல் முறுக்கத்தில் கரைந்துபோகும்.

இனி ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, இருவர் அமரும் திறந்த கார். 1962-இன் லோட்டஸ் எலான் அதற்கு முன்மாதிரி. எலானின் கண்ணாடியிழை உடலுக்குள், காரின் நடுவே முதுகெலும்புபோல் ஓர் எஃகுப் பெட்டி ஓடியது. மாஸ்டாவோ உடலையே ஓடாகக் கொண்டது. ஆனால் கூரையற்ற ஓடு, மூடி அகற்றிய அட்டைப் பெட்டி. மேலே இழந்ததைக் கதவடியில் நெடுக ஓடும் பெட்டி உத்தரங்களும் நடுவிலுள்ள சுரங்கமும் ஈடுசெய்ய வேண்டும். இக்கார்களில் மூத்தவை முப்பது வயதைத் தாண்டிவிட்டன. மேடுபள்ளங்களில் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் நடுங்குவதை அவற்றின் உரிமையாளர்கள் அறிவர்.

இங்கே ஆய்வாளருக்குப் பழக்கமான ஒரு முறை கைகொடுக்கிறது. ஒரு நூலின் இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் திருத்திய இடங்களே, முதற்பதிப்பில் அவருக்கு நிறைவளிக்காத இடங்களைக் காட்டித்தரும். 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த எம்எக்ஸ்-5-இல், இருக்கைகளின் பின்னே உள்ள இரு பெல்ட் கோபுரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டையும், முன்பின் சஸ்பென்ஷன் பகுதிகளின் அடியே கூடுதல் இணைப்புகளையும் மாஸ்டா சேர்த்தது. எனவே, முந்தைய 1.6 லிட்டர் காரை வைத்திருப்பவர் முதலில் நாட வேண்டியவை இவ்வுறுப்புகளே. செய்தவரே செய்த திருத்தத்தைவிட நம்பகமான சான்று வேறில்லை.

ஆனால் கடைகளில் முதலில் கண்ணைக் கவர்வது, எஞ்சினுக்கு மேலே இரு கோபுரங்களை இணைக்கும் மெருகிட்ட தண்டுதான். அது எங்கே பயன்படும்? 1983-இல் வந்த டொயோட்டா ஏஇ86, பிஎம்டபிள்யூ இ30 போன்றவற்றின் முன்புறம் மக்ஃபெர்சன் அமைப்பு கொண்டது. அதில் கோபுரத்தின் உச்சியே சக்கரத்தின் சாய்கோணத்தை நிர்ணயிக்கிறது. திருப்பத்தில் பக்கவாட்டு விசையும் அங்கே சேர்கிறது. ஆகவே தண்டுக்கு வேலை உண்டு. எம்எக்ஸ்-5-இலோ ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரு கரங்கள் பிடித்திருக்கின்றன. கோபுரத்தின் உச்சி சுருள்வில்லின் செங்குத்து விசையையே பெரிதும் தாங்குகிறது. ஒரே உறுப்பு, ஒரு காரில் மருந்து, மற்றொன்றில் நகை.

தண்டின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். இரு புள்ளிகளுக்கிடையே நேராகச் செல்லும் தண்டு இழுவிசையையும் அமுக்குவிசையையும் தாங்கும். எஞ்சினைச் சுற்றிச் செல்ல வளைத்த தண்டு அவ்வளைவிலேயே நெகிழும். நான்கு மூலைகளை இணைக்கும் நாற்கரம் சாயும், மூலைவிட்டமிட்டால் நிற்கும். கதவுகளுக்கிடையே, தரையின் அடியில் பொருத்தும் குறுக்கு மூலைவிட்டச் சட்டங்கள் பயன் தருவது இதனால்தான்.

மற்றொரு கேள்வி: மரையாணியா, பற்றவைப்பா? விறைப்பு ஒன்றே நோக்கமெனில் பற்றவைப்பு வெல்லும். ஆனால் பழைய கார் ஒரு காலத்தின் ஆவணமும்கூட. மரையாணியில் நிற்பதை நாளை கழற்றலாம். பற்றவைத்ததை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. பந்தயத்துக்கு மட்டுமே உரிய காரில் பற்றவைக்கலாம். பிறவற்றில், திருத்தம் ஓலையின் ஓரத்தில் எழுதிய குறிப்பாக இருக்கட்டும், மூலத்தைச் சுரண்டி எழுதியதாக வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எம்எக்ஸ்-5-இன் துணிக்கூரையிலிருந்து வழியும் நீர், கதவுகளுக்குப் பின்னே உள்ள வடிகால் வழியே வெளியேற வேண்டும். இலைச்சருகு அதை அடைத்தால் நீர் கதவடிப் பெட்டிக்குள் இறங்கி, உள்ளிருந்து அரிக்கும். துரு தின்ற பெட்டி, கீறிய குழாய்தான். அதன் மீது எத்தனை தண்டுகளைப் பூட்டினாலும் அவை பற்றி நிற்பது வலுவிழந்த தகட்டில். தண்டு நடுக்கத்தைச் சற்றே குறைத்து, நோயை மறைக்கவும் கூடும்.

ஆகையால் வரிசை இதுதான்: முதலில் வடிகாலும் துருவும், அடுத்து, செய்தவரே பிற்காலத்தில் சேர்த்தவை, பின்னர் அடிப்புற மூலைவிட்டங்கள், கோபுரத் தண்டு, சஸ்பென்ஷன் வகை கோரினால் மட்டும். விறைப்பு சட்டத்தைச் சேர்ப்பதால் மட்டும் வருவதில்லை. பெட்டியைக் காப்பதால் வருகிறது.