நாகரத்தினம்மாள் செய்த முன்னாய்வு

முனைவர் பட்ட ஆய்வேட்டின் ‘முன்னாய்வுகள்’ இயலை நான் மூன்றே நாளில் முடித்தேன். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, இரண்டு வரிக் கருத்து. கடைசியில் ‘இப்பொருளில் இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்ற வழக்கமான வாக்கியம். என் மாணவிகளும் இப்போது அப்படியே எழுதி வருகிறார்கள். அவர்களுக்குப் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிச் சொல்வேன்.

திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பியவராக அவரை அறிவோம். அதற்கு முன்பே அவர் செய்த வேலை ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்தவர் முத்துப்பழனி. கணிகையர் மரபில் வந்தவர். ராதையின் காமத்தையும் கோபத்தையும் பாடும் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். அதைப் பற்றி எங்கோ ஒரு குறிப்பைப் படித்த நாகரத்தினம்மாள், குறிப்போடு நிற்காமல் நூலைத் தேடினார். 1887இல் முதலில் அச்சான பதிப்பு கிடைத்தது. பிறகு கையெழுத்துப் பிரதியும் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சில் பல பாடல்கள் இல்லை. முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொன்ன முகவுரையும் இல்லை.

சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் அந்த நூலை ஆபாசம் என்று பழித்திருந்தார். நாகரத்தினம்மாள் 1910இல் முழுக் காவியத்தையும் பதிப்பித்து, நாணம் பெண்களுக்கு மட்டும்தானா, இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதியவை எப்படிப் போற்றப்படுகின்றன என்று முன்னுரையில் கேட்டார். ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. நாடு விடுதலை பெறும் தறுவாயில்தான் தடை நீங்கியது.

பல பத்தாண்டுகள் கழித்து, இந்தியப் பெண்ணெழுத்துகளைத் தொகுத்த சூசி தாருவும் கே. லலிதாவும் இந்நூலைத் தேடினார்கள். படிக்கத் தகாதது என்று அவர்களிடம் சொன்ன விமர்சகர்களில் பலர் நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒருவர் சொன்ன தீர்ப்பை அடுத்தவர் எடுத்தெழுதி, அதுவே வரலாறாகிவிட்டது.

ஆகவே முன்னாய்வு என்பது பட்டியல் அன்று. முன்னே எழுதியவர் எதைப் படித்தார், எந்தப் பதிப்பைப் படித்தார், யாரை விட்டார் என்று கேட்பது. நாம் ‘இடைவெளி’ என்று எழுதும் இடத்தில் சில சமயம் ஒருத்தியின் பாடல்கள் வெட்டப்பட்டிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் இயலைக் கொண்டுவந்தாள். பழைய பெண் நாவலாசிரியர் ஒருவரின் படைப்புகள் ‘வெறும் குடும்பக் கதைகள்’ என்றிருந்தது.

“நாவலைப் படித்தாயா?” என்றேன்.

“நீங்கதானே அம்மா உங்க ஆய்வேட்டுல எழுதியிருக்கீங்க!”

உண்மைதான். நானும் அதை ஓர் இலக்கிய வரலாற்றிலிருந்து எடுத்தெழுதியிருந்தேன். அன்று மாலை இருவரும் நூலகத்துக்குப் போய் அந்த நாவலைக் கேட்டோம்.