டிப்ஸீ: ஒரு மலைப்பாதையின் வரலாறு

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பசிபிக் கடலோரத்தில், ஸ்டின்ஸன் பீச் என்றொரு சிற்றூர் உண்டு. ஊருக்கு முன்னால் நீண்ட மணற்கரை. பின்னால் செங்குத்தாக எழும் டமல்பாயிஸ் மலை. மலையோட்டத்தில் நாட்டம் கொண்டவர்களுக்கு இவ்வூர் ஒரு யாத்திரைத் தலம் எனலாம். ஊரின் விளிம்பிலிருந்து டிப்ஸீ பாதையில் ஏறி, இடையில் ஸ்டீப் ரவைன் என்னும் பள்ளத்தாக்குக்குள் திரும்பி, ஓடையை ஒட்டி மேலே சென்று, பான்டால் என்னுமிடத்தில் மலையின் தோளை அடைந்து, மாட் டேவிஸ் பாதை வழியே மீண்டும் ஊருக்கு இறங்கினால் ஒரு சுற்று நிறைவுறும். ஏறத்தாழ 11 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் ஏற்றம் ஓட்டக்காரனின் செருக்கை அடக்கிவிடும்.

நாங்கள் சிலர் இச்சுற்றை ஓடியிருக்கிறோம். ஓடினோம் என்பதைவிட, ஓடியும் நடந்தும், ஓரிடத்தில் மர ஏணியைப் பற்றி ஏறியும் கடந்தோம் என்பதே உண்மை. செம்மரங்களின் ஈர நிழலில் தொடங்கும் மூச்சிரைப்பு, புல்வெளிச் சரிவுக்கு வந்து கடல் முழுவதும் கண்முன் விரியும்போது மறந்துபோகிறது. மூடுபனி விலகிய வேளைகளில் ஃபாரலோன் தீவுகள் தொலைவில் தெரியும். இத்தனை அழகுள்ள ஒரு பாதையை யார் உண்டாக்கினார்கள், யாருக்காகக் காத்தார்கள் என்ற கேள்வி இறங்கும் வழியில் எழுந்தது. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

டிப்ஸீ என்னும் பெயர் கடற்கரையில் இருந்த ஒரு விடுதியின் பெயர். 1904ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பைச் சேர்ந்த சார்லஸ் போவாஸ், அல்ஃபோன்ஸ் கோனி என்னும் இருவர் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டனர். மலைக்கு அப்பாலுள்ள மில் வேலி ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, மலையைக் கடந்து, அவ்விடுதியை யார் முதலில் அடைவது என்பதே பந்தயம். போவாஸ் வென்றார். உடனிருந்தவர்களுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போகவே, அடுத்த ஆண்டே, அதாவது 1905இல், அது முறையான போட்டியாயிற்று. ஜான் ஹாஸர்ட் என்னும் இளைஞர் முதல் வெற்றியாளர். அமெரிக்காவின் மிகப் பழைய மலைப்பாதை ஓட்டப்போட்டி என்று இன்று போற்றப்படுவது இதுவே. சுமார் 12 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே ஏறத்தாழ 700 படிகள். பிறகு மியூர் வனத்துக்குள் இறக்கம். அதன்பின் நெஞ்சைப் பிளக்கும் ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு இதயநோயை நினைவூட்டும் வகையில் ‘கார்டியாக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தது என்று எண்ணும் வேளையில் எதிர்ப்படும் கடைசி மேட்டுக்கு ‘அவமதிப்பு’ என்று பொருள்படும் பெயர். ஓடியவர்கள் வைத்த பெயர்கள் என்பதில் ஐயமில்லை.

இப்போட்டியின் தனித்தன்மை வேறொன்று. எல்லோரும் ஒரே நொடியில் புறப்படுவதில்லை. தொடக்க காலத்தில் ஒவ்வொருவரின் திறனையும் கணித்து முன்புறப்பாடு அளித்தனர். 1960களிலிருந்து வயது அடிப்படையாயிற்று. முதியவரும் சிறாரும் முன்னதாகப் புறப்படுவர். உடல்வலுவின் உச்சத்தில் இருக்கும் இளைஞர்கள் கடைசியில் புறப்பட்டுத் துரத்துவர். கடற்கரைக் கோட்டை முதலில் தொடுபவரே வெற்றியாளர். ஆகவேதான் 2010இல் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் 2012இல் 72 வயது முதியவர் ஒருவரும் இங்கு வெல்ல முடிந்தது. ஜாக் கிர்க் என்பவர் 1930இல் முதன்முறை ஓடினார். பொருளாதார மந்தத்தாலும் உலகப் போராலும் போட்டி நடைபெறாத ஆண்டுகளை விட்டால், 2002 வரை ஒருமுறையும் தவறாமல் 67 முறை ஓடி முடித்தார். 1951, 1967 ஆகிய ஆண்டுகளில் அவரே வெற்றியாளர். 2007இல் நூறு வயதில் மறைந்தார்.

சமமற்றவர்களை ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமாகாது என்று உணர்ந்த போட்டி இது. அந்த உணர்வு பெண்கள் விஷயத்தில் மட்டும் நெடுங்காலம் வேலை செய்யவில்லை என்பதுதான் வியப்பு.

1918இல் பெண்களுக்கென்று இதே பாதையில் ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. அன்றைய தடகளச் சங்க விதிகள் பெண்களின் நெடுந்தூர ஓட்டத்தை ஏற்காததால் அதற்கு ‘நடை’ என்று பெயரிட்டனர். பெயர்தான் நடை, சென்றவர்கள் ஓடினார்கள். முதலாண்டு எடித் ஹிக்மன் வென்றார். மக்கள் திரளாகக் கூடிப் பார்த்தனர். ஆனால் 1922க்குப் பின் அது நடக்கவில்லை. பெண்ணுடல் இதைத் தாங்காது, தாய்மைக்குத் தீங்கு நேரும் என்ற குரல்கள் அக்காலத்தில் ஓங்கி ஒலித்தன. பெண்கள் முறையாக டிப்ஸீயில் சேர்த்துக்கொள்ளப்பட 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1973இல், மேரி எட்டா பொய்டானோ என்னும் 10 வயதுச் சிறுமி அனைவரையும் முந்திக் கோட்டைத் தொட்டாள். அரை நூற்றாண்டு மறுப்புக்கு இதைவிடச் சுருக்கமான பதில் வேறென்ன இருக்க முடியும்?

பாதை செல்லும் காட்டின் கதையும் இதுபோன்றதே. 1905இல் வில்லியம் கென்ட் என்னும் செல்வந்தர் 611 ஏக்கர் செம்மரக் காட்டை 45,000 டாலருக்கு வாங்கினார். சில ஆண்டுகளில் ஒரு குடிநீர் நிறுவனம் அங்கே அணை கட்ட விரும்பி நீதிமன்றம் சென்றது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்குக் கொடையளித்தார். 1908 ஜனவரியில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். தம் பெயரை வைக்க வேண்டாம் என மறுத்து, இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயரைச் சூட்டச் செய்தவரும் கென்ட்தான். நாங்கள் ஏறிய ஸ்டீப் ரவைன் பள்ளத்தாக்கும் அவர் 1928இல் மாநிலத்துக்கு அளித்தது.

இவ்வளவோடு நின்றால் அழகான கதை. ஆனால் இதே கென்ட், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரான நிலையிலும் அரசியல்வாதியாகவும், ஆசியர்களின் குடியேற்றத்தையும் நில உரிமையையும் எதிர்த்துக் குரல் கொடுத்தவர். 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இந்தியர் உட்பட ஆசியர் பெரும்பாலோருக்குக் கதவடைத்தது என்பதை நாம் அறிவோம். எந்தக் காட்டை எல்லோருக்கும் பொதுவாக்கினாரோ, அந்தக் காட்டு நிழலில் நம்மைப் போன்றவர்கள் நிற்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார். மறுபுறம், காட்டைக் காக்க அவருக்கு முன்பே குரல் எழுப்பிய மகளிர் அமைப்பினரும், இம்மலைச் சரிவுகளில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த கடலோர மிவோக் மக்களும் நெடுங்காலம் அறிவிப்புப் பலகைகளில் இடம்பெறவில்லை.

2021இல் மியூர் வனத்தின் காப்பாளர்கள் ஒரு செயல் செய்தனர். பழைய காலவரிசைப் பலகையை அகற்றாமல், விடுபட்டவற்றை மஞ்சள் சீட்டுகளில் எழுதி அதன்மேல் ஒட்டினர். மிவோக் மக்கள், மகளிரின் முயற்சி, கென்ட்டின் இனவெறுப்பு எல்லாம் அதில் இருந்தன. கொடையாளியின் பெருமை அழிக்கப்படவில்லை. உடன் நின்ற உண்மைகள் சேர்க்கப்பட்டன, அவ்வளவே. 2025இல் அச்சீட்டுகள் அகற்றப்பட்டன.

இச்செய்தி எங்களை வருத்தியது. கென்ட்டின் மீதுள்ள கோபத்தால் அன்று. அவர் காத்த மரங்களின் கீழ் நின்று அவருக்கு நன்றி சொல்லவே விரும்புகிறோம். ஆனால் முழுமையாக அறிந்து சொல்லும் நன்றிக்குத்தான் மதிப்பு உண்டு. பாதிக் கதையைக் கேட்டுச் சொல்லும் நன்றி வெறும் சம்பிரதாயம்.

மாட் டேவிஸ் பாதை மலைச்சரிவைச் சுற்றிச்சுற்றி இறங்குகிறது. அதை அமைத்தவர் இம்மலையில் பாதை வெட்டும் பணியில் ஈடுபட்டவர். எந்தப் பாதையும் ஒருமுறை வெட்டினால் நிலைப்பதில்லை. மழை அரிக்கிறது, மரம் விழுகிறது, புதர் மூடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் யாரோ வந்து அரிவாளும் மண்வெட்டியும் எடுத்து மீண்டும் திறக்கிறார்கள். வரலாறும் அத்தகையதே என்று எங்களுக்குத் தோன்றியது. ஊருக்குள் இறங்கியபோது காலில் சேறு, எதிரே மணற்கரை, அதில் வயது வேறுபாடின்றிச் சிலர் ஓடிக்கொண்டிருந்தனர்.