பிள்ளையின் கையிலிருந்த ஐந்து சதம்: பாடசாலைச் சேமிப்பின் கதை



ஒக்டோபர் 31 உலக சேமிப்பு தினம். வங்கிகள் உண்டியல் கொடுக்கும். நாங்கள் "சேமிப்பின் அவசியம்" என்று கட்டுரைப் போட்டி வைப்போம். பிள்ளைகளும் சிறுதுளி பெருவெள்ளம் என்று தொடங்கி, எறும்பைப் பற்றி ஒரு பந்தி எழுதித் தருவார்கள். வருடா வருடம் அதே எறும்பு. ஆனால் இந்தப் பாடம் வகுப்பறைக்குள் எப்படி வந்தது என்ற கதையை நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பெல்ஜியத்தில் கெண்ட் என்றொரு நகரம். 19ஆம் நூற்றாண்டில் அது பஞ்சாலை நகரம். தாய், தகப்பன், பிள்ளை என்று குடும்பமே ஆலைக்குள் போகும். அங்கே பல்கலைக்கழகத்தில் பிரான்சுவா லோரான் என்ற சட்டப் பேராசிரியர் இருந்தார். குடியியல் சட்டத்தைப் பற்றி 33 தொகுதிகள் எழுதிய மனுஷன். அப்படிப்பட்டவர் 1866இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஏறி இறங்கத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சேமிப்பைப் பற்றிப் பேசினார். (எங்கள் பேராசிரியர்மாரை ஆரம்பப் பிரிவில் காண்பது பரிசளிப்பு விழாவில் மட்டும்தான்.)

அவருடைய ஏற்பாடு எளிமையானது. பிள்ளை கொண்டுவரும் ஒரு சதம், இரண்டு சதத்தை ஆசிரியர் வாங்கி, தன் பதிவேட்டில் ஒரு வரியும் பிள்ளையின் தாளில் ஒரு வரியும் எழுதுவார். 100 சதம் சேர்ந்து ஒரு பிராங் ஆனதும், அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அரச சேமிப்பு வங்கியில் ஒரு புத்தகம் திறக்கப்படும். அந்த வங்கியே 1865இல்தான் உருவாகியிருந்தது. இதற்கு முன் 1834இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரிலும் பாடசாலைச் சேமிப்பு நடந்திருக்கிறது. ஆனால் கெண்ட்தான் பெயர் எடுத்தது. 1870களில் அந்த நகரின் சுமார் 15,000 மாணவரில் 13,000 பேர் அளவில் சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தார்கள். மற்ற நாடுகள் வந்து பார்த்துப் போயின.

லோரானுக்குத் தொகை முக்கியமில்லை. இனிப்புக் கடைக்கு முன்னால் கையில் சதத்தோடு நிற்கும் பிள்ளை, "வேணாம், பிறகு" என்று ஒருமுறை தனக்குத் தானே சொல்லிப் பழகட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பிள்ளை பழகினால் வீடும் பழகும் என்றும் நம்பினார்.

இந்த இடத்தில் இன்னொரு பெல்ஜியக் கதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏழையைக் குறை சொல்லும் கதையாகிவிடும். லோரானுக்குப் பதினொரு வருடம் முன்பு, 1855இல், டுக்பெசியோ என்பவர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்கள் ஏறத்தாழ 200இன் வரவு செலவுக் கணக்கைத் திரட்டி வெளியிட்டார். பாணுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று. அதை வைத்துத்தான் ஜேர்மனியப் புள்ளிவிபரவியலாளர் ஏர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் தன் விதியைச் சொன்னார். பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்: வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். அந்தக் குடும்பங்கள் செலவழித்த ஒவ்வொரு 100 பிராங்கிலும் 60க்கு மேல் சாப்பாட்டுக்கே போயிருந்தது. மிக வறிய வீடுகளில் 70 வரை.

அப்படியான வீட்டில், சேமிக்கவில்லை என்று யாரைக் கேட்பது? வாடகையும் பாணும் போக மிஞ்சுவது சில சதம். அந்தச் சில சதத்தில் மட்டும்தான் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது முடிவெடுக்கும் உரிமை இருந்தது. லோரான் அதைப் பிடித்துக்கொண்டார், சரிதான். ஆனால் அது எவ்வளவு சிறியது என்பதைக் காட்டியது டுக்பெசியோவின் கணக்குத்தான். என்னைக் கேட்டால், உண்டியலுக்கு முன் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டியது இந்தக் கணக்கை.

எங்கள் பக்கம் வந்தால், இலங்கையில் தபால் கந்தோர் சேமிப்பு வங்கி 1885இல் வந்தது. 1972இல் உருவான தேசிய சேமிப்பு வங்கிக்குள் அது சேர்ந்துவிட்டது. மூத்தவர்களின் அலுமாரியில் அந்தப் பழைய புத்தகம் இன்னும் கிடக்கக்கூடும்.

உலக சேமிப்பு தினத்துக்கு வருவோம். அதன் பிறப்பு சந்தோஷமான பிறப்பு அல்ல. 1923இல் ஜேர்மனியில் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனது. நவம்பரில் புதுக்காசு வந்தபோது, ஒரு புது மார்க்குக்கு ஈடாகப் பழைய மார்க் ஒரு லட்சம் கோடி கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சேமித்தவனின் புத்தகத்தில் எழுத்து அப்படியே இருந்தது, அதற்கு ஒரு இறாத்தல் பாண்கூடக் கிடைக்காது. சேமிப்பு என்ற சொல்லையே சனம் நம்பாத காலம். அடுத்த வருடம், 1924 ஒக்டோபரில், பல நாட்டுச் சேமிப்பு வங்கிகள் இத்தாலியின் மிலானில் கூடின. மாநாட்டின் கடைசி நாளான 31ஆம் திகதியை உலக சேமிப்பு தினம் என்று அறிவித்தன.

2022ஐக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. சைக்கிளுக்கென்று சல்லி சேர்த்த பிள்ளை, சைக்கிள் விலை தன்னைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்தது. "அப்ப ஏன் ஸேர் சேமிக்கிற?" என்று கேட்கும் பிள்ளைக்கு எறும்புக் கதை பதிலாகாது.

எனக்குத் தெரிந்த நல்ல பதில் மலாயாவில் இருக்கிறது. அங்கே கிராமத்துச் சனம் ஹஜ்ஜுக்காகக் காசைத் தலையணைக்குக் கீழும் மூங்கில் குழாய்க்குள்ளும் சேர்த்தது. வங்கி வட்டி வேண்டாம் என்ற பேணுதல். காணாவிட்டால் வயலை விற்றார்கள், மாட்டை விற்றார்கள். போய்த் திரும்பி வந்தால் ஹாஜியாருக்கு உழ நிலம் இல்லை. பொருளியலாளர் உங்கு அஸீஸ் 1959இல் இதைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரன் இருக்கிறது என்பதை வைத்தே வறுமையை அளக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

அவர் அந்தச் சனத்தைப் பார்த்து, "உங்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று சொல்லவில்லை. அவர்கள் முப்பது வருடம் சேமிக்கக்கூடிய ஆட்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. குறை பாத்திரத்தில் இருந்தது. மூங்கிலுக்குள் கிடக்கும் காசு வளராது, விலை ஏற ஏறத் தேயும். வட்டி கலக்காமல் தொழிலில் முதலிட்டு இலாபத்தைப் பகிரும் ஒரு நிதியம் வேண்டும் என்றார். 1963 செப்டெம்பரில் அது வேலையைத் தொடங்கியபோது 1,281 பேர், சுமார் 46,600 டாலர், அவ்வளவுதான். இன்று தாபுங் ஹாஜி என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுதான். அதற்கும் சறுக்கல் வந்தது. 2018இல் சொத்தைவிடப் பொறுப்பு கூடி, அரசாங்கம் கைகொடுக்க வேண்டி வந்தது. எந்தப் பாத்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு அதையும் வகுப்பில் சொல்கிறேன்.

அதே 1963இல் எகிப்தின் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜாரும் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் திறந்தார். ஜேர்மனியில் படித்த காலத்தில் அங்குள்ள ஊர்ச் சேமிப்பு வங்கிகளைக் கண்டவர். அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

இந்த முறை தரம் 9 பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி இல்லை. ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். முதலில் ஒரு கிழமைக்குக் கைக்கு வந்த காசு, போன காசு: பஸ், கன்டீன், ரீலோட், எல்லாம். அடுத்து, அதில் தான் முடிவெடுக்கக்கூடிய பகுதி எவ்வளவு. கடைசியில் ஒரு பொருளின் பெயர், இன்றைய விலை, வாங்க நினைக்கும் மாதம். மாதா மாதம் அந்த விலையைக் கடையில் கேட்டு மீண்டும் எழுத வேண்டும். ஒரு மகள் பொருள் என்ற இடத்தில் "உம்மாவுக்குக் கண்ணாடி" என்று எழுதியிருக்கிறா.

பெற்றோரிடம் ஒரு கேள்வி: இந்த மாதக் கரண்ட் பில்லையும் கடைக் கொப்பியையும் பிள்ளையிடம் காட்ட உங்களால் முடியுமா? தொகையை எனக்குச் சொல்ல வேண்டாம், தாளில் எழுதவும் வேண்டாம். பிள்ளை பார்த்தால் போதும். விருப்பமில்லாதவர்கள் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள், அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.