வச்சிரமும் வெல்லப்பாகும்: அச்சு இயந்திரத்துள் ஒரு பசையின் வரலாறு

கள ஆய்வுக்காக வண்டூரில் தங்கியிருந்த மாதங்களில் என் அச்சுப்பொறி ஒருநாள் மஞ்சளைப் பச்சையாக அச்சிட்டது. நிறப்பெயர்களைக் கேட்டறிவதற்கான படத்தாள்கள் அவை. விளக்கொளியில் நானும் கவனிக்கவில்லை. மூன்று முதியவர்களிடம் பெற்ற விடைகள் முழுவதையும் கழிக்க நேர்ந்தது. போர்ட் பிளேயரில் பழுதுபார்ப்பவர் மையூற்றும் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒட்டு விட்டுப்போச்சு தம்பி" என்றார். சில்லுக்கும் நெகிழி உடலுக்கும் இடையிலிருந்த பசை விளிம்பில் பிரிந்திருந்தது. நீல மை தன் அறையைத் தாண்டி மஞ்சளுக்குள் கசிந்திருந்தது. அச்சிலுள்ள ஒட்டின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அன்றுதான்.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோதும், 1713க்குப் பின் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம் இயங்கியபோதும், எழுத்துகளின்மேல் மை பூசியவை கம்பளியோ மயிரோ அடைத்த தோல் பந்துகள். 1814 நவம்பர் 29ஆம் நாள் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் நீராவி இயந்திரத்தில் அச்சானது. அந்த வேகத்திற்குக் கைப்பந்து ஒத்துவராது; உருளை வேண்டும். தோலை உருளையாகத் தைத்தால் தையல் தடம் தாளில் விழுந்தது. தையலற்ற, மெத்தென்ற, மையை ஏற்கவும் விடவும் வல்ல ஒரு பரப்பு தேவைப்பட்டது. விடையாகக் கிடைத்தது வியப்பான ஒரு கலவை: விலங்குத் தோல் பசையும் வெல்லப்பாகும்.

நம் தச்சர்கள் இந்தத் தோல் பசையை வச்சிரம் என்பார்கள். வச்சிரம் என்றால் வைரம், இந்திரனின் படை, உடையாதது. உலர்ந்த கட்டியைச் சுத்தியலால் தட்டினால் பெயர்க்காரணம் விளங்கும். ஆனால் நீரேறிய நிலையில் இதே வச்சிரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். நம் சித்திரை வெயில் 40ஐத் தாண்டும்!

பசையை நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த பாத்திரத்தில் கொதிக்கவிடாமல் உருக்கி, பாகைச் சேர்த்து, எண்ணெய் தடவிய உலோக அச்சுக்குழலில் ஊற்றுவார்கள். குழலின் நடுவே தண்டு நிற்கும். இரவெல்லாம் ஆறவிட்டு உருவினால் ரப்பர் போன்ற உருளை கிடைக்கும். பசை மட்டும் இருந்தால் அது காய்ந்து வெடிக்கும். பாகு ஈரத்தைப் பிடித்துவைத்து நெகிழ்வைத் தரும். எனவே கோடைக்குப் பசையைக் கூட்டியும், குளிர்காலத்திற்குப் பாகைக் கூட்டியும் தனித்தனி உருளைகள் வார்க்கப்பட்டன. மழைக்காலத்தில் உருளை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வியர்க்கும். எண்ணெய் மை அதில் ஒட்டாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் அத்தகைய உருளை என்ன பாடுபடும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது தண்டுதான். சூடாக ஊற்றிய கலவை ஆறும்போது இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். முனைகளில் கலவை தண்டைவிட்டுப் பிரிந்துவிட்டால் உருளையை உருக்கி மீண்டும் வார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தவிர்க்கத் தண்டின்மேல் நூல்கயிறு சுற்றிப் பிடிமானம் தந்தார்கள்.

இரண்டு பொருள்கள், இரண்டு விரிவுகள், நடுவே ஒரு பசை. என் அச்சுப்பொறியில் நடந்ததும் இதுவே. 1984இல் எச்.பி. வெளியிட்ட 'திங்க்ஜெட்' முதலாக வந்த வெப்ப மைப்பொறிகளில், மையைத் துளித்துளியாகத் தள்ளுவது நுண்ணிய சூடேற்றிகள் எழுப்பும் நீராவிக் குமிழி. சூடேற்றியின் பரப்பு சில மைக்ரோ நொடிகளில் 300 டிகிரி அளவுக்கு ஏறி இறங்கும். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி தலை முழுவதையும் சூடாக்கும். ஒரு டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் சிலிக்கான் நீள்வது ஏறத்தாழ 2.6 மைக்ரோமீட்டர்; நெகிழியோ 50 வரை போகும். 20 மில்லிமீட்டர் சில்லு 40 டிகிரி சூடேறினால் அது நீள்வது 2 மைக்ரோமீட்டர். அதன் கீழுள்ள நெகிழி நீள்வது 40. எஞ்சிய 38ஐ இரு முனைகளும் பங்கிட்டுக்கொண்டால் முனைக்கு 19. பசைப்படலம் 50 மைக்ரோமீட்டர் தடிமன் என்றால், முனையில் அது தன் தடிமனில் ஏறத்தாழ 38 விழுக்காடு பக்கவாட்டில் இழுபடும். 200 என்றால் பத்துக்கும் குறைவு. மெல்லிய ஒட்டுதான் வலிய ஒட்டு என்ற நம் எண்ணம் இங்கே பொய்க்கிறது.

ஆகவே பொறியாளர்கள் படலத்தைச் சற்றுத் தடிமனாக்குகிறார்கள். எபாக்சிப் பசையில் ரப்பர்த் துகளைக் கலந்து இளக்கம் தருகிறார்கள். ஒரேயடியாகச் சூடேற்றி இறுகச் செய்யாமல் படிப்படியாக இறுக்குகிறார்கள். அதிக வெப்பத்தில் இறுகிய பசை, ஆறும்போதே இழுவிசையைத் தனக்குள் சேமித்துக்கொள்ளும். ஒட்டும் பரப்பைப் பிளாஸ்மாவால் தூய்மை செய்கிறார்கள். மையிலுள்ள நீரும் கிளைக்காலும் பசைக்குள் ஊறி அதை வீங்கச் செய்யும் என்பது வேறொரு தலைவலி. வெயிலும் மாலையில் குளிரூட்டியும் மின்வெட்டுமாக இருந்த என் அறையில், தலை ஒருநாளில் எத்தனை முறை நீண்டு சுருங்கியதோ!

இந்த அறிவு அந்தமானுக்குப் புதிதன்று. தேன்மெழுகையும் மரப்பிசினையும் சேர்த்துக் காய்ச்சிய ஒட்டை இத்தீவுகளின் தொல்குடியினர் அம்புக் கட்டின்மேல் பூசினார்கள் என்று இ.எச். மேனும் ராட்கிளிஃப்-பிரவுனும் பதிவு செய்திருக்கிறார்கள். பிசின் மட்டும் நொறுங்கும், மெழுகு மட்டும் இளகும். நம் கடற்கரையில் மரக்கலம் கட்டியோர் குங்கிலியத்தில் எண்ணெய் சேர்த்ததும் இதே கணக்கில்தான். பாகு, மெழுகு, எண்ணெய், ரப்பர் என்று பெயர்தான் மாறிவந்திருக்கிறது.

வண்டூர் என்ற பெயரும் ஒருவகை ஒட்டுதான். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்கு கொண்டுவரப்பட்ட மாப்பிளைமார் தம் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டுவந்தார்கள். திரூர், மஞ்சேரி, மண்ணார்க்காடு எல்லாம் இங்கும் உண்டு. அதைத் தனிப்பதிவாக எழுத வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். ஈய எழுத்து அச்சகங்களில் உருளை வார்த்தவர்கள், வார்க்கக் கண்டவர்கள் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். கோடை உருளைக்கும் மழைக்கால உருளைக்கும் அவர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்களா? தண்டைவிட்டுக் கலவை பிரிவதை எப்படிச் சொன்னார்கள்? சொல்லை அவர்கள் ஒலித்தபடியே, ஊர்ப்பெயருடன் எழுதி அனுப்புங்கள். நான் சந்தித்த அச்சுத் தொழிலாளர்களில் இளையவருக்கே அறுபத்தெட்டு வயது.