நடையடைப்புப் பாட்டும் கொச்சிக் குரலும்

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்றொரு பகுதி உண்டு. 14ஆம் நூற்றாண்டில் யூதர்கள் அங்கே ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினர். கூடம் இன்றில்லை, அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் 1568இல் கட்டப்பெற்ற பரதேசி யூதப்பள்ளியின் சுவரில் பதிந்து நிற்கிறது. கல் நிலைத்தது; அங்கே ஓதியோர் குரல் காற்றோடு போயிற்று. கொச்சி யூதப் பெண்டிரோ மலையாளத்தில் அமைந்த தம் பாடல்களை ஏடுகளில் எழுதிவைத்துக் கூடிப் பாடி வந்தனர். அவர்கள் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவ்வேடுகளும் உடன் சென்றன. 2004இல் அப்பாடல்கள் ஒலித்தட்டாகவும் வெளிவந்தன. கூடி ஓதுவது ஒலிப்பதிவாகும்போது நேர்வது என்ன என்னும் வினா, ஆதலால், இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. நம் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த ஒரு துதியைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வோம்.

சபரிமலையில் நடையடைக்கும் வேளையில் ஒலிக்கும் ஹரிவராசனமே அத்துதி. எட்டுப் பாடல்கள் கொண்ட வடமொழி அட்டகம் அது. கம்பங்குடி குளத்தூர் சீனிவாச ஐயர் இயற்றியது என்பது நெடுநாள் வழக்கு. கொன்னகத்து ஜானகி அம்மா 1923இல் எழுதியது என்பது அவர்தம் குடும்பத்தார் கூற்று. எவர் இயற்றியதாயினும், மலையின் பழமையோடு ஒப்பிட இது மிக இளையது. நடையடைப்பில் இதனை ஓதும் வழக்கமே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேரூன்றியது. தமிழ்நாட்டில் ஐயப்ப வழிபாடு பெருகியதும் ஏறத்தாழ அக்காலத்தேதான். 1950இல் கோயில் தீக்கிரையான பின்னர், பி. டி. இராசனும் நாடகக் கலைஞர் நவாப் இராசமாணிக்கமும் அவ்வழிபாட்டைத் தமிழகமெங்கும் பரப்பினர் என்பதை மூத்தோர் அறிவர்.

இத்துதிக்கு இன்று நாம் கேட்கும் உருவத்தை அளித்தது திரைப்படம்! 1975இல் பி. சுப்பிரமணியம் இயக்கிய 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக ஜி. தேவராசன் இதனை மத்தியமாவதி இராகத்தில் அமைத்தார். கச்சேரியின் நிறைவில் மங்கலமாகப் பாடப்பெறும் இராகம் அது. இறைவனைத் துயில்விக்கும் பாடலுக்கு அதனினும் பொருத்தமான தேர்வு வேறு இருந்திருக்க இயலாது என்பதே நம் கருத்து. பொதுவுடைமை நாடகங்களுக்கு இசையமைத்துப் புகழ் பெற்ற தேவராசனோ இறைநம்பிக்கை அற்றவர். பாடியவர் கே. ஜே. யேசுதாசு.

கொச்சங்காடிக்கு அணித்தாய கோட்டைக் கொச்சியில், 1940 சனவரி 10ஆம் நாள், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் யேசுதாசு. தந்தை அகஸ்டின் சோசப்பு மேடை நடிகர், பாடகர். மைந்தர் திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் பயின்றார். பின்னர்ப் பாலக்காட்டுச் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாடங்கேட்டார். 1961இல் திரைக்காக அவர் பாடிய முதற்பாடலே, சாதி வேற்றுமையும் சமயப் பகையுமற்ற வாழ்வைச் சொல்லும் நாராயண குருவின் செய்யுள்தான். இந்து அல்லாதாரைக் குருவாயூர்க் கோயில் உள்ளே விடுவதில்லை. அத்தடை யேசுதாசுக்கும் உண்டு. வாவரை ஐயப்பனின் தோழராகப் போற்றும் சபரிமலையோ சமயம் கேளாது. அவர் அங்கே இருமுடி தாங்கிச் சென்றார். அவர் குரலே நாள்தோறும் நடையடைப்பில் ஒலிக்கும் குரலுமாயிற்று. 2012இல் கேரள அரசு ஏற்படுத்திய ஹரிவராசனம் விருதின் முதற்பேறும் அவருக்கே வாய்த்தது.

இசையால் துதி பெற்றது மிகப் பெரிது. வடமொழி அறியாத சிறுவனும் அதனைக் கேட்ட அளவில் இது உறங்கும் வேளை என்று உணர்கிறான். திருவேங்கடமுடையானின் சுப்ரபாதத்தை எம். எஸ். சுப்புலட்சுமி 1963இல் இசைத்தட்டில் அளித்தபின், எத்தனையோ இல்லங்களில் விடியல் அவர் குரலில் பிறந்தது. ஊர்விட்டு வந்த நமக்கு இவ்விரு தட்டுகளும் கோயிலையே வீட்டுக்குள் கொணர்ந்தன. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிகோறலாகும்.

எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஓதும் வழக்கில் துதியின் வரிதோறும் 'சுவாமி' என்னும் விளி வரும். திரையிசையின் ஒழுக்கில் அவ்விளிகள் விடுபட்டன. ஓரிடத்தில் சொற்பிரிப்பும் பிழைபட்டது என்றனர். இவற்றைத் திருத்தி யேசுதாசையே மீண்டும் பாடச் செய்யும் எண்ணத்தைத் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2017இல் வெளியிட்டது. சொற்பிழையை அறிஞர் கவனிப்பர். நமக்கு உறுத்துவது விளி போனதே. வடமொழித் தொடர்களை வாய் தடுமாறாமல் சொல்ல எல்லார்க்கும் இயலாது. 'சுவாமி' என்று கூட்டத்தோடு கூவ எவர்க்கும் இயலும். கல்லாதவனும் துதியில் பங்குகொள்ள இருந்த இடம் அதுவே. அவ்விடம் அடைபட்டபோது ஓதுவோர் கேட்போராயினர். அதிலும் யேசுதாசின் குரல் அத்துணை நிறைவுடையது. அதனோடு தம் குரலைச் சேர்க்க யார்தாம் துணிவர்?

கார்த்திகை பிறந்து, நம்மவர் மாலையணிந்து கூடும் பூசைகளில், இறுதியில் விளக்கைத் தாழ்த்திவிட்டு அந்தப் பதிவையே ஒலிக்கவிடுகிறோம். குழந்தைகள் கைகூப்பி அமைதியாகக் கேட்கின்றனர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர் சிலர் மட்டும், ஒவ்வொரு வரியும் முடியும் இடைவெளியில், 'சுவாமி' என்று வாய்க்குள் சேர்த்துக்கொள்கின்றனர்.