பாடசாலை விட்டபின்: ருஷ்யச் சிறுவர் கழகங்களும் ஆட்சியாளரும்

கல்வி வரலாற்றை எழுதுவோர் பாடசாலை வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். மணி அடித்தபின் பிள்ளைகள் எங்குச் சென்றனர், யாரோடு பொழுதைக் கழித்தனர் என்பன அவர்தம் நூல்களில் அடிக்குறிப்பளவிலேயே இடம்பெறுகின்றன. ஆயின் ருஷ்ய வரலாற்றை நோக்குமிடத்து, அம்மாலைவேளையின் பெறுமதியை ஆசிரியரிலும் பார்க்க ஆட்சியாளரே நன்கு உணர்ந்திருந்தனர் என்பது புலனாகின்றது.

1905ஆம் ஆண்டிற் கல்வியியலாளர் ஸ்தனிஸ்லாவ் ஷாத்ஸ்கியும் கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் செலென்கோவும் மொஸ்கோவின் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனக் கழகப் பணியொன்றைத் தொடங்கினர். செலென்கோ அமெரிக்காவிற் சேரிவாழ் மக்களிடையே இயங்கிய சமூக நிலையங்களை நேரிற் கண்டு வந்தவர். தச்சு வேலை, ஓவியம், நாடகம் என்பன அங்கு நடைபெற்றன. எனினும் இக்கழகத்தின் புதுமை வேறோரிடத்தில் இருந்தது: சிறுவர் தாமே கூட்டம் கூடித் தம் விதிகளைத் தாமே வகுத்தனர். 1908இல், பிள்ளைகளிடையே சோசலிசம் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டிச் சார் அரசு அதனை மூடியது. இதனை அதிகாரிகளின் வெறும் மூடத்தனமென ஒதுக்குதல் பொருந்தாது. பத்து வயதில் விதி வகுக்கப் பழகியவன் இருபது வயதில் ஆலையினுள்ளும் அதனையே செய்யக்கூடும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று.

புரட்சிக்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1922இல் இளம் முன்னோடிகள் இயக்கம் தோன்றியது. 1935இல் உக்ரேனின் கார்க்கோவ் நகரில், பிரபுக்கள் சபைக்குரியதாயிருந்த கட்டடத்தில், முதலாவது முன்னோடி மாளிகை திறக்கப்பட்டது. அதற்கு முன்னின்று உழைத்த கட்சித் தலைவர் போஸ்திஷெவ் 1939இற் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1937இல் லெனின்கிராட்டின் அனிச்கோவ் அரண்மனை பிள்ளைகள் வசமாயிற்று. அரச குடும்பத்தினர் வாழ்ந்த மண்டபங்களிற் சதுரங்கமும் இசையும் விஞ்ஞானமும் இலவசமாகப் பயிற்றப்பட்டன. அதே ஆண்டில் அந்நகரில் ஆயிரக்கணக்கானோர் கைதாகிக்கொண்டிருந்தனர். சார் அரசு அஞ்சி மூடிய மாலைவேளையைச் சோவியத்து அரசு தனதாக்கிக்கொண்டது எனலாம். ஷாத்ஸ்கியின் சிறுவர் தாமே வகுத்த விதிகளின் இடத்தில், மேலிருந்து வந்த உறுதிமொழியும் செங்கழுத்துத்துணியும் இருந்தன.

இவ்வளவுடன் தீர்ப்புக் கூறிவிட முடியாது. 1941 செப்ரெம்பர் முதல் 1944 ஜனவரி வரை நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அரண்மனை வைத்தியசாலையாகியது. ஆயினும் 1942 மே மாதத்தில், முற்றுகை நீங்காதபோதே, அதன் கதவுகள் பிள்ளைகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டன. உணவுக்கே வழியற்ற நகரமொன்று ஓவியத்தையும் பாட்டையும் அவசியமெனக் கருதியதை வேறெவ்வாறு விளக்குவது?

முற்றுகையில் உயிர்தப்பிய விக்டர் கோர்ச்னோய், இடம்பெயர்ந்து 1946இல் நகர் திரும்பிய போரிஸ் ஸ்பாஸ்கி ஆகிய இருவரும் அம்மாளிகையின் சதுரங்க அறையில், விளாடிமிர் சாக் என்னும் ஒரே பயிற்சியாளரிடம் பயின்றனர். வறிய தாயொருத்தியின் மகனாகிய ஸ்பாஸ்கி 1969இல் உலகச் சம்பியனானார். 1976இற் கோர்ச்னோய் நாட்டைத் துறந்தார். ஸ்பாஸ்கி பிரான்சிற் குடியேறினார். உலகப் பட்டத்துக்கான போட்டியாளரைத் தெரியும் இறுதிச் சுற்றில், 1977ஆம் ஆண்டின் முடிவில், பெல்கிரேட் நகரில் இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர். அவ்வேளை இருவரில் ஒருவரேனும் சோவியத்து மண்ணில் வாழ்ந்துகொண்டிருக்கவில்லை.