‘ட்ரெக்’ – ஒரு சொல் நடந்து வந்த பாதை



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, ஆங்கிலப் பாடத்தில் ‘ட்ரெக்’ என்றொரு சொல் வருகிறது. தமிழில் அதை எப்படிச் சொல்வது?” என்று கேட்டான். “மலையேற்றம்” என்று உடனே விடையளித்தேன். அவன் விடவில்லை. “பாடத்தில் அவர்கள் பாலைவனத்தில் நடக்கிறார்களே, ஐயா?” என்றான். அன்று மாலையே அகராதியைப் புரட்டினேன். அகராதி என்னை வரலாற்றிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

‘ட்ரெக்’ என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லன்று. ‘இழுத்தல்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர்கள் மாட்டுவண்டிகளில் நெடுந்தொலைவு பயணம் செய்தனர். மாடுகள் வண்டியை இழுத்ததால் அப்பயணமே ‘இழுப்பு’ ஆயிற்று. ஓரிடத்தில் மாடுகளைப் பூட்டி, அடுத்த இடத்தில் அவிழ்த்துவிடும் வரையுள்ள ஒரு கட்டத்தையும் அச்சொல் குறித்தது.

இச்சொல்லை வரலாற்றில் நிலைநிறுத்தியது ‘பெரும் ட்ரெக்’. 1835 முதல் 1840களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 12,000 முதல் 15,000 போயர்கள் ஆங்கிலேயர் ஆண்ட கேப் பகுதியை விட்டு வடக்கும் கிழக்குமாகப் பெயர்ந்தனர். டிரேக்கன்ஸ்பர்க் மலைச்சரிவில் வண்டிகளின் பின்சக்கரங்களைக் கழற்றி, மரக்கிளைகளைக் கட்டி இறக்கினர். அவர்கள் பட்ட துன்பம் மெய்யானது. ஆயினும், ஏன் புறப்பட்டார்கள் என்பதையும் நாம் கேட்கவேண்டும். நிலப் பற்றாக்குறையும் ஆங்கிலேய ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பும் காரணங்களாயின. 1834இல் வந்த அடிமை ஒழிப்பும் ஒரு முக்கியக் காரணம். அவர்களின் தலைவர் பீட் ரெட்டீஃப் 1837இல் வெளியிட்ட அறிக்கையிலேயே அந்த மனக்குறை இடம்பெற்றது. வண்டிகளோடு கறுப்பினப் பணியாளர்களும் சென்றனர். மாட்டு வரிசையின் முன்னே தோல்வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.

போயர்கள் அமைத்த நேட்டால் குடியரசை 1843இல் ஆங்கிலேயர் தம்முடன் இணைத்துக்கொண்டனர். பின்னர் அங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. அவர்களுள் தமிழர் பலர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களை வெளியேற்றுவதற்காக 1895இல் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அவ்வரியை எதிர்த்து 1913இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் தூண்டி எழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நியூகாசிலிலிருந்து 36 மைல் நடந்து சார்லஸ்டவுனை அடைந்த கூட்டம், நவம்பர் 6ஆம் நாள் காந்தியின் தலைமையில் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தது. காந்தி தரும் கணக்கின்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒருவருக்கு ஒரு நாள் உணவு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையுமே. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரைத் தாங்காமல் மாண்டது. மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் மூழ்கியது. ஆயினும் தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை. நவம்பர் 10ஆம் நாள் எல்லாரும் இரயில்களில் ஏற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். சுரங்க வளாகங்களே அவர்களுக்குச் சிறையாயின. மறு ஆண்டு, 1914இல், 3 பவுன் வரி நீக்கப்பட்டது.

முன்னவர்களின் பயணத்துக்கு 1949இல் பிரிட்டோரியாவில் மாபெரும் நினைவுச்சின்னம் எழுந்தது. அவர்களின் சொல்லும் ஆங்கிலத்தில் ஏறி உலகைச் சுற்றியது. இன்று விடுமுறையில் காட்டுவழி நடப்பதற்கும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கும்கூட அதுவே பெயர். ஆனால், மாடும் வண்டியும் இன்றித் தம் உடலையே இழுத்துக்கொண்டு நடந்தவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் அல்லரோ? முன்னவர்களுள் பலர் அடிமை ஒழிப்பை ஏற்க மனமின்றி நடந்தனர். இவர்களோ அடிமை வாழ்வு வேண்டாமென்று நடந்தனர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “நேற்று நான் சொன்னது அரைகுறை விடையப்பா. ‘நெடுவழி நடை’ என்று எழுதிக்கொள். கால்கடுக்க, களைப்போடு, தொலைதூரம் நடப்பது” என்றேன். பிறகு 1913ஆம் ஆண்டின் கதையை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். எந்த நடையானாலும் அது எவ்வளவு தூரம் என்பதோடு, எதற்காக என்றும் கேட்க நம் பிள்ளைகள் பழகவேண்டும்.